மாற்றிப் போடும் முன் படித்துப் பாருங்கள்: ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் டயர் ஒழுங்கில்லாமல் தேய்வதைக் கண்டுபிடித்துத் தடுப்பது எப்படி

புதிதாக மஹிந்திரா தார், மாருதி ஜிம்னி, ஃபோர்ஸ் கூர்க்கா மாதிரி வண்டி வாங்கியவர்கள் பலர் கொஞ்ச நாளிலேயே ஒரு கேள்வியோடு வருகிறார்கள். மூன்று டயர் நன்றாக இருக்கிறது, ஒன்று மட்டும் ஏன் ஓரத்தில் மொட்டையாகிவிட்டது? பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் பதில், "டயரை முன்னுக்குப் பின் மாற்றிப் போடுங்க, சரியாயிடும்" என்பதுதான். காரணம் தெரியாமல் செய்தால் இது நல்லதைவிடக் கெடுதலே அதிகம் செய்யும். முன் இடது டயரின் உள்ஓரம் தேய்ந்திருக்கிறது என்றால், அந்த மூலையில் என்ன கோளாறு என்பதற்கு அந்தத் தேய்மானம்தான் தடயம். அதைக் கழற்றிப் பின்னால் போட்டுவிட்டால் தடயம் போய்விடும், கோளாறு அங்கேயே இருக்கும். அடுத்து அங்கே வரும் நல்ல டயரையும் அது தின்னும்.

அதனால் இந்தக் கட்டுரையில் டயர் மாற்றிப் போடுவது கடைசியில்தான் வரும். முதலில் அளவு, அப்புறம் தேய்ந்த விதம், அப்புறம் காரணம், அதற்குப் பிறகு பழுது நீக்கம். இந்த வரிசையை மாற்றாமல் போனால் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே பாதி விடை உங்கள் கையில் இருக்கும்.

இந்த வண்டிகளில் மட்டும் ஏன் அதிகம்

சாதாரண காரிலும் டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஆனால் ஃபோர் வீல் டிரைவில் அதற்கான வழிகள் அதிகம். வண்டி கனம், உயரம் அதிகம். வளைவில் எடையில் பெரும்பகுதி வெளிப்பக்கச் சக்கரத்தின் தோளில், அதாவது டயரின் ஓர விளிம்பில், இறங்கும். ஏடி (எல்லாத் தரைக்குமானது), எம்டி (சேற்றுக்கானது) டயர்களின் பட்டன்கள், அதாவது ரப்பர் கட்டிகள், உயரமாகவும் தனித்தனியாகவும் இருப்பதால் சாலையில் படும்போது வளைந்து கொடுக்கும். அந்த வளைவே ஒரு பக்க விளிம்பை முதலில் தேய்க்கும். கல்லிலும் பள்ளத்திலும் ஓட்டுவதால் டை ராட் (சக்கரத்தைத் திருப்பும் ஸ்டியரிங் கம்பி), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), புஷ் (இணைப்புகளில் இருக்கும் ரப்பர்) எல்லாமே சீக்கிரம் தளரும். எல்லாவற்றுக்கும் மேலே நாலு சக்கரத்தையும் ஒன்றாகப் பிணைக்கும் அந்த 4எச் லீவர் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் வண்டியின் அடிப்பாகம் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வதும் அவசியம். 2020இல் வந்த புதிய தாரில் முன்பக்கம் டபுள் விஷ்போன், அதாவது இரண்டு சக்கரமும் தனித்தனியாக அசையும். பின்பக்கம் ஒரே முழு ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். ஃபார்ச்சூனரும் ஏறக்குறைய இதே அமைப்புதான். ஜிம்னியில் முன்னும் பின்னும் முழு ஆக்ஸில். பொலேரோவில் பின்பக்கம் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). தனித்தனியாக அசையும் சக்கரத்தில் கேம்பர் கோணம், அதாவது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் அளவு, எளிதில் மாறிவிடும். முழு ஆக்ஸிலில் அது சாதாரணமாக மாறாது. அங்கே கேம்பர் மாறியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது, அல்லது பேரிங் தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

முதலில் அளவு எடுங்கள்

தேவையானவை நான்குதான்: டிரெட் (டயரில் சாலையைத் தொடும், பள்ளம் வெட்டிய பகுதி) ஆழம் அளக்கும் சின்ன கேஜ், நம்பகமான காற்று கேஜ், டார்ச், ஒரு நோட்டு. பெட்ரோல் பங்க்கில் தொங்கும் மீட்டரை நம்பி முடிவெடுக்க வேண்டாம். ஒன்றுக்கொன்று இரண்டு மூன்று பிஎஸ்ஐ வித்தியாசம் காட்டுவது சாதாரணம்.

காலையில், வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பிறகு, வெயில் படாத சமதளத்தில் வைத்து ஐந்து டயரின் காற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்து என்றால் ஸ்டெப்னியும் சேர்த்து. ஓடிச் சூடான டயரில் நாலு பிஎஸ்ஐ வரை கூடுதலாகக் காட்டும். அந்த அளவை வைத்து எதையும் சொல்ல முடியாது.

அப்புறம் ஒவ்வொரு டயரிலும் மூன்று இடத்தில் ஆழம் அளக்க வேண்டும்: வெளி ஓரம், நடு, உள் ஓரம். இதையே டயரைச் சுற்றி மூன்று வெவ்வேறு இடத்தில் செய்யுங்கள். ஒரே டயரில் ஓரிடத்தில் 7 மி.மீ., இன்னோர் இடத்தில் 5 மி.மீ. என்று வந்தால் அது அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண ஒழுங்கு) சம்பந்தப்பட்டதல்ல, வேறு கதை. ஒரே இடத்தில் மட்டும் அளந்தவர்களுக்கு இது தெரியாமலேயே போய்விடும்.

உள் ஓரம்தான் பலருடைய கண்ணில் படாமல் போகும் இடம். வெளியில் நின்று பார்த்தால் டயர் புதுசு போல இருக்கும், உள்ளே கம்பி தெரிய ஆரம்பித்திருக்கும். முன் டயருக்கு ஸ்டியரிங்கை முழுசாக ஒரு பக்கம் திருப்பினால் உள் ஓரம் தெரியும். பின் டயருக்குத் தரையில் படுத்து டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் வைத்து, சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுச் செய்யுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

டிரெட் பள்ளத்துக்குள்ளே குறுக்கே ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும். டயரின் பக்கச் சுவரில் டிடபிள்யூஐ (TWI) என்று எழுதியிருக்கும் இடத்துக்கு நேராகத் தேடினால் கிடைக்கும். அதன் உயரம் 1.6 மி.மீ. தேய்மானம் அதைத் தொட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. மழையிலும் சேற்றிலும் ஓட்டுகிறவர்கள் அதுவரை காத்திருக்கக் கூடாது. 3 மி.மீ.க்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவேன் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

கண்ணும் கையும் சொல்வது

இரண்டு ஓரமும் தேய்ந்து நடு உயரமாக இருந்தால் காற்று குறைவாக ஓடியிருக்கிறது, அல்லது வண்டி எப்போதும் அதிக லோடில் போகிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இந்த இரண்டும் எளிது, யாரும் சொல்லிவிடுவார்கள். கவனம் தேவைப்படுவது மற்றவற்றில்தான்.

ஒரு ஓரம் மட்டும் வழவழவென்று சீராகத் தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். சக்கரத்தின் மேல்பகுதி உள்பக்கம் சாய்ந்திருந்தால் உள் ஓரம் தேயும், வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் வெளி ஓரம். ஆனால் இரண்டு முன் டயரிலும் வெளித்தோள் சம அளவில் தேய்ந்திருந்தால் உடனே கேம்பர் என்று முடிவு கட்டாதீர்கள். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. இப்படிப்பட்ட பாதையில் வாரா வாரம் வேகமாக ஏறி இறங்கும் வண்டியில் முன் டயரின் வெளித்தோள் தேய்வது இயல்பு. அங்கே திருத்த வேண்டியது வளைவுக்குள் நுழையும் வேகத்தை.

அடுத்தது டோ கோளாறு, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் நேராக இல்லாமல் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது. இதைக் கண்ணால் பார்ப்பதைவிடக் கையால் தடவிப் பார்ப்பதே நல்லது. கம்பி, ஆணி குத்தியிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, உள்ளங்கையை டிரெட்டின் மேல் குறுக்காக, வெளி ஓரத்திலிருந்து உள் ஓரத்துக்கு மெதுவாக இழுங்கள். பிறகு எதிர்த் திசையில். ஒரு திசையில் வழுக்கிக்கொண்டு போய், மறு திசையில் கூர்மையாகக் கீறினால் டோ தவறாக இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வரும்போது வழவழப்பு, உள்ளிருந்து வெளியே போகும்போது கூர்மை என்றால் டோ-இன் அதிகம், அதாவது சக்கரங்களின் முன்பகுதி உள்நோக்கித் திரும்பியிருக்கிறது. இதற்கு எதிராக இருந்தால் டோ-அவுட்.

டோவுக்கு நான் இவ்வளவு முக்கியத்துவம் கொடுப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சக்கரம் வெறும் கால் டிகிரி திரும்பியிருந்தால்கூட, வண்டி ஒரு கிலோமீட்டர் நேராகப் போகும்போது அந்த டயர் ஏறக்குறைய 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டரில் அது 44 கிலோமீட்டர். அழிரப்பரை பேப்பரில் குறுக்காகத் தேய்ப்பது போலத்தான். கேம்பர் கொஞ்சம் தவறினால் டயர் மெதுவாகத்தான் கெடும். டோ தவறினால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே முடிந்துவிடும்.

கையை இப்போது வேறு விதமாக, டயர் சுழலும் திசையில் முன்னும் பின்னுமாகத் தடவுங்கள். ஒவ்வொரு பட்டனின் ஒரு விளிம்பு தாழ்ந்தும் மறு விளிம்பு கூர்மையாகவும் இருந்தால் அது ஹீல் அண்ட் டோ தேய்மானம். பெயரில் டோ இருந்தாலும் அலைன்மென்ட் டோவுக்கும் இதற்கும் நேரடி சம்பந்தமில்லை. ஏடி, எம்டி டயரில் இது ஓரளவு வந்தே தீரும். நெடுஞ்சாலையில் ஹூம் என்று ஒரு சத்தம் கூடிக்கொண்டே போனால் பெரும்பாலும் இதுதான் காரணம். உரிய நேரத்தில் மாற்றிப் போடாததால்தான் இது முற்றுகிறது.

டயரைச் சுற்றி அங்கங்கே குழி குழியாக இருந்தால் சக்கரம் சாலையை விட்டு எகிறி எகிறி விழுகிறது. ஷாக் அப்சார்பர் போயிருக்கலாம், பேலன்சிங் இல்லாமல் இருக்கலாம், வீல் பேரிங் தளர்ந்திருக்கலாம். ஒரே ஒரு இடத்தில் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தால் பிரேக் பிடித்துச் சக்கரம் சுழலாமல் இழுபட்டது காரணம்.

பார்த்ததையெல்லாம் நோட்டில் எழுதி, டயர் எந்த மூலையில் இருந்தது என்பதோடு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இனிமேல் டயர் இடம் மாறினாலும் தடயம் உங்களிடம் இருக்கும்.

காற்று

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ளதுதான் உங்கள் அளவு. டயரின் பக்கச் சுவரில் எழுதியிருப்பது அந்த டயர் தாங்கும் உச்சம். அதை அடிக்கச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், கேட்காதீர்கள்.

கம்பெனி அளவைவிடப் பெரிய டயரோ, எல்டி (LT) என்று தொடங்கும் கனமான டயரோ போட்டிருந்தால் ஸ்டிக்கர் அளவு அப்படியே பொருந்தாது. எல்டி டயருக்கு அதே எடையைத் தாங்கக் கூடுதல் காற்று தேவை. முதலில் டயர் கம்பெனியின் லோடு அட்டவணையில் உங்கள் ஆக்ஸில் எடைக்குக் குறைந்தபட்சம் எவ்வளவு என்று பாருங்கள். அதற்குக் கீழே போகாமல், சாக்பீஸ் சோதனை செய்து சரியான இடத்தைப் பிடிக்கலாம். டிரெட்டின் குறுக்கே தடிமனாக ஒரு கோடு போட்டு, சமமான காய்ந்த சாலையில் நேராகக் கொஞ்ச தூரம் ஓட்டி இறங்கிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்திருந்தால் காற்று அதிகம், ஓரங்களில் மட்டும் அழிந்திருந்தால் குறைவு. குறுக்கே ஒரே சீராக அழிய வேண்டும்.

மணலிலும் சேற்றிலும் காற்றைக் குறைத்து ஓட்டுவது சரியான முறைதான். தூத்துக்குடி, திருச்செந்தூர்ப் பக்கத் தேரிக்காட்டுச் செம்மணலில் 15 முதல் 18 பிஎஸ்ஐக்கு இறக்காமல் போனால் வண்டி புதைந்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். அதே காற்றோடு நெடுஞ்சாலையில் ஏறி, அடுத்த பஞ்சர் கடை வரட்டும் என்று 80இல் ஓட்டுகிறார்கள். ஓரங்கள் தேய்வது மட்டுமில்லை, பக்கச் சுவர் மடிந்து மடிந்து சூடாகி உள்ளேயே இற்றுப் போகும், வெளியே தெரியாது. காற்றை இறக்கப் போகிறீர்கள் என்றால் 12 வோல்ட் கம்ப்ரஸர் வண்டியில் இருக்க வேண்டும். அது இல்லாமல் இறக்க வேண்டாம்.

மலைக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்பது: ஊட்டிக் குளிரில் காற்று குறையுமே, அடிக்க வேண்டுமா? வெப்பம் 5, 6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும் என்பது உண்மை. ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரம், கோவை சுமார் 400 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் இரண்டு மூன்று பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடும். இரண்டு நாள் பயணத்துக்குத் தொடாமல் விடுவதே நல்லது.

நைட்ரஜன் அடித்தால் தேய்மானம் நிற்குமா? நிற்காது. மாதம் ஒரு முறை கேஜ் வைத்துப் பார்க்கும் பழக்கம் அதைவிடப் பல மடங்கு பயன் தரும்.

தார்ச்சாலையில் 4எச்

தார், ஜிம்னி, கூர்க்கா எல்லாமே பகுதிநேர ஃபோர் வீல் டிரைவ். 4எச் போட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் பெட்டி) முன் தண்டையும் பின் தண்டையும் ஒரே வேகத்தில் சுழலும்படி பூட்டிவிடும். நடுவில் வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க டிஃபரன்ஷியல் கிடையாது. ஆனால் வண்டி திரும்பும்போது முன் சக்கரங்கள் பெரிய வட்டத்திலும் பின் சக்கரங்கள் சின்ன வட்டத்திலும் போகும். தூரம் வேறு, வேகம் ஒன்று. மண்ணிலோ ஈரப் புல்லிலோ டயர் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைத் தீர்த்துக்கொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லாததால் டயர் ரப்பரைத் தேய்த்துத்தான் அது தீர வேண்டும். தீராத மிச்சம் கியரிலும் தண்டிலும் முறுக்காக ஏறும்.

திரும்பும்போது யாரோ பின்னால் பிடித்து இழுப்பது மாதிரி வண்டி கனத்தால், அல்லது லீவர் 2எச்சுக்கு, அதாவது இரண்டு சக்கரம் மட்டும் இயங்கும் நிலைக்கு, வராமல் சிக்கிக்கொண்டால், முறுக்கு ஏறியிருக்கிறது. நேராகச் சில மீட்டர் ரிவர்ஸ் எடுத்தால் பெரும்பாலும் விடுபடும்.

மழைக்காலத்தில் பாதுகாப்புக்கு என்று ஊர் முழுக்க 4எச்சில் ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய அக்கறை புரிகிறது. ஆனால் நனைந்த தார்ச்சாலையில்கூட டயருக்குப் பிடிமானம் நிறையவே இருக்கும். சேறு, மணல், சரளை என்று உண்மையிலேயே சக்கரம் வழுக்கும் இடத்துக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். கூர்க்காவில் இருக்கும் டிஃப் லாக்குக்கும் (ஒரு ஆக்ஸிலின் இரண்டு சக்கரத்தையும் ஒரே வேகத்தில் சுழலப் பூட்டுவது) இதே விதிதான், இன்னும் கண்டிப்பாக. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். லேண்ட் ரோவர் டிஃபெண்டர் போன்ற முழுநேர ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளில் நடுவில் டிஃபரன்ஷியல் இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

ஆட்டம் எங்கே இருக்கிறது

அலைன்மென்ட் கடைக்கு ஓடும் முன் இதைப் பாருங்கள். தளர்ந்த பால் ஜாயின்டோடு செய்த அலைன்மென்ட் கடை வாசலைத் தாண்டும்போதே மாறிவிடும். பணம் வீண்.

முன் சக்கரம் ஒன்றை ஜாக்கியில் தூக்கி, ஆக்ஸில் ஸ்டாண்டு கொடுத்து நிறுத்துங்கள். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டுங்கள். அதில் ஆட்டம் இருந்தால் டை ராட் எண்டு, ஸ்டியரிங் இணைப்புகள். அடுத்து மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் அல்லது பால் ஜாயின்ட். இரண்டில் எது என்று பிரிக்க, ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங், தொடர்ந்தால் பால் ஜாயின்ட். ஜிம்னி மாதிரி முன்பக்கம் முழு ஆக்ஸில் உள்ள வண்டியில் பால் ஜாயின்டுக்குப் பதில் கிங்பின் (சக்கரம் திரும்பும் அச்சு) பேரிங்.

ஷாக்கில் ஆயில் வழிந்து தூசி அப்பியிருந்தால் அது முடிந்துவிட்டது. ஒன்று போனாலும் அந்த ஆக்ஸிலின் இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். பின்பக்கம் கமான் பட்டை வண்டியென்றால் யூ போல்ட் தளர்ந்திருக்கிறதா, சென்டர் போல்ட் உடைந்திருக்கிறதா என்று பாருங்கள். உடைந்தால் ஆக்ஸிலே ஒரு பக்கம் முன்னால் நகர்ந்துவிடும். வண்டி நேராகப் போகும், ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கும். காயில் ஸ்பிரிங் வண்டியில் டிரெயிலிங் ஆர்ம் (ஆக்ஸிலை வண்டியோடு பிணைக்கும் கை) புஷ்கள் இற்றுப் போனாலும் இதே விளைவுதான்.

சேற்றில் ஓட்டிவிட்டு வந்த மறுநாள் ஸ்டியரிங் நடுங்குகிறதா? பேலன்சிங் போய்விட்டது என்று கடைக்குப் போகும் முன் ரிம்மின் உள்பக்கத்தைப் பாருங்கள். அங்கே ஒரு பக்கம் சேறு அப்பிக் காய்ந்திருக்கும். தண்ணீர் அடித்துக் கழுவினால் நடுக்கம் போய்விடும். கழுவாமல் ஓட்டிக்கொண்டே இருந்தால் அந்த நடுக்கமே டயரில் குழி போடும். வாட்டர் வாஷ் கடையில் வெளிப்பக்கம் மட்டும்தான் அடிப்பார்கள், உள்பக்கம் அடிக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது என்றால் இரண்டு முன் டயரையும் இடம் வலம் மாற்றி ஓட்டிப் பாருங்கள். இழுப்பு எதிர்ப்பக்கம் மாறினால் கோளாறு டயரில், மாறாவிட்டால் வண்டியில். சோதனைக்காக மட்டும் செய்வதால் தடயம் போகாது, நோட்டில் எழுதியிருக்கிறீர்களே. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயரில் மட்டும் இதைச் செய்ய வேண்டாம்.

அலைன்மென்ட் கடையில்

காற்று சரியாக இருக்க வேண்டும், ஆட்டமெல்லாம் சரி செய்திருக்க வேண்டும், வண்டியில் வழக்கமாக எவ்வளவு சாமான் இருக்குமோ அவ்வளவு இருக்க வேண்டும். ரூஃப் ரேக், முன்பக்கம் வின்ச் எல்லாம் நிரந்தரமாக இருப்பவை என்றால் அவற்றோடு போங்கள்.

நாலு சக்கரத்திலும் டார்கெட் மாட்டி அளக்கும் 3டி மெஷின் உள்ள கடையாகப் பாருங்கள். பின்பக்கம் முழு ஆக்ஸில், அதைத் திருத்த முடியாது, எதற்கு அளக்க வேண்டும் என்று கேட்பார்கள். திருத்த முடியாது என்பது சரிதான். ஆனால் ஆக்ஸில் நகர்ந்திருந்தாலோ வளைந்திருந்தாலோ பின் சக்கர அளவில்தான் அது தெரியும். பிரிண்ட்அவுட்டில் த்ரஸ்ட் ஆங்கிள் என்ற வரியைப் பாருங்கள். பின் ஆக்ஸில் வண்டியைத் தள்ளும் திசை வண்டியின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதுதான் அது. பூஜ்ஜியத்துக்கு அருகில் இருக்க வேண்டும். விலகியிருந்தால் முன்பக்கம் எவ்வளவு திருத்தினாலும் ஸ்டியரிங் நேராக நிற்காது.

மெஷினில் உங்கள் வண்டியின் மாடல், வருடம், சரியான வகை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று நின்று கவனியுங்கள். பக்கத்து மாடலைப் போட்டு எல்லாம் பச்சை என்று காட்டி அனுப்பிவிட்டால் உங்களுக்குத் தெரியவே தெரியாது. திருத்துவதற்கு முந்தைய அளவு, பிந்தைய அளவு இரண்டும் உள்ள பிரிண்ட்அவுட் வாங்காமல் கிளம்பாதீர்கள். முந்தைய அளவில் எந்த மூலை சிவப்பாக இருக்கிறதோ, அதுவும் உங்கள் நோட்டில் எழுதிய மூலையும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் காரணம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை.

"டோ மட்டும் போட்டாச்சு, கேம்பர் இந்த வண்டிக்கு வராது" என்று சொன்னால், எதைக் கொண்டு திருத்துவது என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டுப் பேசுங்கள். சில வண்டிகளில் கேம் போல்ட் (திருப்பினால் கோணம் மாறும் போல்ட்), சிலவற்றில் ஷிம் (இடையில் வைக்கும் மெல்லிய தகடு). கொஞ்சம் கூடுதல் வேலை என்பதால் தவிர்க்கும் கடைகள் உண்டு.

வண்டியை உயர்த்தியிருந்தால்

லிஃப்ட் கிட் போட்ட அன்றே அலைன்மென்ட் செய்ய வேண்டும். கொஞ்ச நாள் ஓட்டி ஸ்பிரிங் படிந்த பிறகு, சுமார் ஆயிரம் கிலோமீட்டரில், இன்னொரு முறை. தனித்தனி அசைவுள்ள முன்பக்கத்தில் ஸ்பேசர் போட்டு உயர்த்தினால் விஷ்போன் கோணம் மாறும், அதோடு கேம்பரும் டோவும் மாறும். 2020க்கு முந்தைய தாரில் டார்ஷன் பார் (ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பி) போல்ட்டை முறுக்கி உயர்த்துவது மலிவான வழி, அதற்கும் இதே விளைவுதான். ஜிம்னியில் கேம்பர் மாறாது, ஆனால் காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு) குறையும். வேகத்தில் ஸ்டியரிங் அலையும், சின்ன மேட்டில் ஏறினால் முன் சக்கரம் உதறும். கேம்பர், காஸ்டர் திருத்தும் பாகங்களுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்காமல் லிஃப்ட் கிட் மட்டும் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

இப்போது மாற்றிப் போடலாம்

காரணம் தீர்ந்த பிறகுதான் இது. பின் டயர்கள் இரண்டும் அதே பக்கத்தில் நேராக முன்னால் வரட்டும். முன் டயர்கள் குறுக்கே மாறிப் பின்னால் போகட்டும். ஸ்டெப்னி அதே அளவு, அதே வகை, அதே மாதிரி ரிம் என்றால் அதையும் சுற்றில் சேருங்கள்: முன் வலது டயர் ஸ்டெப்னியாகட்டும், ஸ்டெப்னி பின் இடதுக்கு வரட்டும், முன் இடது டயர் பின் வலதுக்குப் போகட்டும். அம்புக்குறி உள்ள டயர் அதே பக்கத்தில் முன் பின் மட்டும் மாறலாம்.

சாதாரண எச்டி (நெடுஞ்சாலைக்கான) டயருக்கு 8,000 முதல் 10,000 கி.மீ.க்கு ஒரு முறை. ஏடி, எம்டி டயருக்கு 5,000இலேயே செய்துவிடுங்கள். முன்பு சொன்ன ஹீல் அண்ட் டோ சத்தத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை. நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்கி, 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு ஒரு முறை சரிபாருங்கள். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஆழ அளவுகளைக் குறித்துவைத்தால் அடுத்த கோளாறு அரை மில்லிமீட்டரிலேயே பிடிபடும்.

ஸ்டெப்னியைச் சுற்றில் சேர்ப்பதில் இன்னொரு லாபம் உண்டு. பின்கதவில் வெயிலில் தொங்கும் டயர் ஓடாமலேயே கெட்டுப்போகும். பக்கச் சுவரில் டிஓடி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் வருடமும்: 2321 என்றால் 2021இன் 23ஆவது வாரம். ஐந்து வருடம் தாண்டிய டயரை வருடத்துக்கு ஒரு முறை வெடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு மேல் பட்டன் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஓட்டக் கூடாது.

ஏற்கனவே தேய்ந்த டயரை என்ன செய்வது

கம்பி தெரிந்தாலோ, பக்கச் சுவர் புடைத்திருந்தாலோ பேச்சே இல்லை, கழற்றிவிடுங்கள். டோவால் வந்த கூர் விளிம்பு, கோளாறு தீர்ந்து வேறு இடத்தில் ஓடினால் மெல்ல மெல்ல சமமாகும். சத்தம் உடனே போகவில்லை என்று பதற வேண்டாம். குழி விழுந்த டயர் முழுசாகச் சமமாகாது. ஆழம் இருந்தால் பின்னால் போட்டு ஓட்டி முடிக்கலாம்.

இரண்டு டயர் மட்டும் வாங்குவதாக இருந்தால் ஒரு ஆக்ஸிலுக்கு ஒரே ஜோடியாக, கம்பெனியும் மாடலும் ஒன்றாகப் போடுங்கள். 255/65 ஆர்18 டயரின் சுற்றளவு சுமார் 2.48 மீட்டர். முன்பக்கம் புது டயர், பின்பக்கம் 5 மி.மீ. தேய்ந்தது என்றால், ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஐந்து சுற்று வித்தியாசம் வரும். 2எச்சில் அது பிரச்சினை இல்லை. 4எச்சில் நேராகப் போகும்போதே முறுக்கு ஏறிக்கொண்டிருக்கும். அடிக்கடி 4எச் போடுகிறவர்களும், முழுநேர ஃபோர் வீல் டிரைவ் வைத்திருப்பவர்களும் நாலையும் சேர்த்து மாற்றுவதே மேல். இருக்கும் டயர்களுக்குள் தேய்மான வித்தியாசம் எவ்வளவு வரை பரவாயில்லை என்று உங்கள் வண்டியின் மேனுவலில் எழுதியிருந்தால் அதைக் கடைப்பிடியுங்கள்.

பழுதெல்லாம் நீக்கி முடித்த பிறகு 1,000 முதல் 1,500 கி.மீ.க்குள் முன் டயர்களைக் கையால் ஒரு முறை குறுக்கே தடவிப் பாருங்கள். பழைய கூர் குறைந்திருந்தால் வேலை சரியாக நடந்திருக்கிறது. புதிதாகக் கூர் வந்திருந்தால் அந்தப் பிரிண்ட்அவுட்டையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போய், திரும்ப அளக்கச் சொல்லுங்கள்.